குச்சி போன்ற மின்னூட்டப் பாலிமர்கள் பாயும்போது: கேள்வி பதில்

கேள்வி: உணவைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஸாந்தன் என்ற மின்னூட்டப் பாலிமரின் கரைசல் சும்மா இருந்தால் கூழாக நிற்கிறது, கிளறினால் இளகிவிடுகிறது. சங்கிலி அறுந்துபோகிறதா சார்?

அறுவதில்லை. கிளறுவதை நிறுத்துங்கள், பழைய கெட்டி திரும்பிவிடும். விறைப்பான சங்கிலியைக் குச்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெப்ப அசைவு குச்சிகளைக் கண்ட திசையிலும் திருப்பிவிடும். ஒன்றுக்கொன்று வழிமறித்து நிற்கும். பாய்வோ அவற்றைத் தன் திசைக்கு இழுத்து அடுக்கப் பார்க்கும். அடுக்கிவிட்டால் வழிமறிப்பு குறையும், கரைசல் இளகும். எதன் கை ஓங்கும் என்பதைச் சொல்வது பெக்லே எண், அதாவது பாய்வின் வேகத்துக்கும் குச்சி வெப்பத்தால் சுழலும் வேகத்துக்கும் உள்ள விகிதம். நீர்த்த கரைசலில் குச்சியின் நீளம் இரட்டித்தால் அது சுழல்வது ஏறக்குறைய எட்டு மடங்கு மந்தமாகும். அதனால்தான் நீளமானவை மெல்லக் கிளறினாலே பாய்வின் திசைக்குத் திரும்பிவிடுகின்றன.

செல்லுலோஸ் நானோபடிகங்கள் (தாவர நாரிலிருந்து எடுக்கும் மிகச் சிறு குச்சிகள்) கலந்த கரைசலைக் குறுக்காக வைத்த இரண்டு போலராய்டுத் தகடுகளுக்கு நடுவில் பிடித்து ஆட்டுங்கள். இருண்டிருந்த குப்பிக்குள் ஒளிக்கீற்றுகள் ஓடும். கை நின்றதும் மெல்ல மங்கும். குச்சிகள் திசை மறப்பதை அப்படியே கண்ணால் பார்க்கிறீர்கள்.

கேள்வி: உப்பு போட்டால் பாகுநிலை (கரைசலின் கெட்டித்தன்மை) சரியும் என்று படித்தேன். எனக்குச் சரியவில்லையே?

நீங்கள் படித்தது நெகிழும் சங்கிலியைப் பற்றி. அங்கே மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிச் சங்கிலியை விரித்து வைத்திருக்கும். உப்பு அந்தத் தள்ளலை மறைத்ததும் அது சுருண்டுவிடும். ஸாந்தனின் இரட்டைச் சுருள் ஏற்கெனவே விறைப்பானது, சுருங்க இடமில்லை.

கேள்வி: மறுக்கிறேன் ஐயா. தூய நீரில் மிக நீர்த்த ஸாந்தன் வைத்திருந்தேன். உப்பு போட்டதும் இறங்கியது.

உங்கள் அளவீட்டை நம்புகிறேன், நல்ல கேள்வியும்கூட. உப்பே இல்லாத நீரில் அந்தச் சுருள் தளர்ந்து, சங்கிலி நெகிழ்ந்ததாகிவிடும். நீங்கள் உப்பிடத் தொடங்கியது குச்சியிலிருந்து அல்ல. செறிவு கூடிய கரைசலில் அதே உப்பு பாகுநிலையை ஏற்றுவதும் உண்டு. மின்விரட்டல் எட்டும் தூரம் ஒரு லிட்டரில் 0.001 மோல் உப்புக்குச் சுமார் 10 நானோமீட்டர், 0.1 மோலுக்குச் சுமார் 1 நானோமீட்டர். ஆகவே உப்பளவைக் குறிக்காத பாகுநிலை எண்ணை யாரும் நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் விறைப்பு என்பதே பொய்தானே?

பொய்யல்ல, அளவு சார்ந்தது. டிஎன்ஏ சுமார் 50 நானோமீட்டர் வரை நேராக நிற்கும், அதற்கு மேல் வளையும். ஸாந்தன் இரட்டைச் சுருள் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தாங்கும்.

கேள்வி: கிளறினால் ஏன் இளகுகிறது?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: இதைத் தினமும் சாப்பிடலாமா?

அது என் துறை இல்லை, உணவியல் நிபுணரைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்குப் பாகுநிலை 40 வந்தது. சரியா?

உப்பு எவ்வளவு, எந்த வேகத்தில் அளந்தீர்கள், வெப்பநிலை என்ன? மூன்றையும் எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.