விமானத்தில் அம்மாவுக்குச் சைவச் சாப்பாடு கிடைக்கவில்லை: மதுரையில் வழக்குப் போடலாமா?

கேள்வி: நாங்கள் இருப்பது திருமங்கலம். என் அம்மாவுக்கு வயது 64, சர்க்கரை உண்டு, சுத்த சைவம். டல்லாஸில் இருக்கும் தங்கையைப் பார்க்க, சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போனார். போய்வர டிக்கெட்டை மதுரையில் ஒரு ஏஜென்ட்டிடம் நான்தான் எடுத்தேன். சைவம், சர்க்கரைக்காரர் என்று இரண்டையும் சொன்னேன். இரண்டாவது விமானத்தில் வந்தது கோழி. வேறு சாப்பாடு இல்லை என்றுவிட்டார்கள். இன்சுலின் போட்டிருந்த அம்மா சர்க்கரை இறங்கி மயங்கிவிட்டார். நிறுவனம் மன்னிப்பு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியதோடு சரி. நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: முடியும். இன்சுலின் போட்டவர் பட்டினி கிடப்பது உயிரோடு விளையாடுகிற காரியம்; இதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் டிக்கெட்டில் சாப்பாட்டுக் குறியீடு என்ன என்று பாருங்கள். வழக்கே அதில்தான் நிற்கிறது. இந்திய சைவச் சாப்பாட்டுக்கு 'ஏ.வி.எம்.எல்'. சர்க்கரைக்காரர் சாப்பாட்டுக்கு 'டி.பி.எம்.எல்', அதில் கோழியோ மீனோ இருக்கலாம். 'எச்.என்.எம்.எல்' என்ற இந்து சாப்பாடும் சைவம் அல்ல, மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர்கள் பலர் இதில் ஏமாறுகிறார்கள். பல நிறுவனங்கள் ஒருவருக்கு ஒரு சிறப்புச் சாப்பாடுதான் பதிவு செய்யும். ஏஜென்ட் 'டி.பி.எம்.எல்' மட்டும் போட்டிருந்தால், கோழி வந்ததற்கு முதல் பொறுப்பு அவருடையது. 'ஏ.வி.எம்.எல்' என்று இருந்தும் கோழி வந்திருந்தால் அது நிறுவனத்தின் சேவைக் குறைபாடு. எப்படியானாலும் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

பணம் கட்டியது நீங்கள் என்றாலும், உங்கள் சம்மதத்தோடு பயணம் செய்த அம்மாவும் சட்டப்படி நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சென்னைக்கு அலைய வேண்டாம், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். டிக்கெட் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை.

வெளிநாட்டுப் பயணம் என்பதால் இந்தியாவும் ஏற்றுக்கொண்ட 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையை (நாடு விட்டு நாடு போகும் விமானப் பயணத்தில் நஷ்டஈடு பற்றிய ஒப்பந்தம்) எதிர்த்தரப்பு கட்டாயம் எடுக்கும். போய்வர ஒரே டிக்கெட்டாக இருப்பது உங்களுக்குச் சாதகம். அதன்படி பயணம் முடியும் இடம் இந்தியா, அதனால் இங்கேயே வழக்குப் போடலாம். ஆனால் அந்த உடன்படிக்கையில் மனவேதனைக்கு மட்டும் நஷ்டஈடு கிடைக்காது, உடம்புக்கு வந்த பாதிப்பைக் காட்ட வேண்டும். அதனால் சர்க்கரை பார்க்கும் மெஷினில் அன்றைய அளவும் நேரமும் பதிவாகியிருந்தால் அழிந்துவிடாமல் இப்போதே படம் எடுத்து வையுங்கள். டல்லாஸில் டாக்டரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, போர்டிங் பாஸ், ஏஜென்ட்டுக்கு அனுப்பிய வாட்ஸ்அப், மன்னிப்பு மின்னஞ்சல் எல்லாம் வேண்டும். ஏஜென்ட்டிடம் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பகுதி பலவீனம்தான். இப்போதாவது வாட்ஸ்அப்பில் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

காலக்கெடு 2 ஆண்டு. நுகர்வோர் சட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் சொல்லலாம், மான்ட்ரியலில் அந்தச் சலுகை கிடையாது. எனவே வக்கீல் நோட்டீஸை இந்த மாதமே அனுப்புங்கள். அம்மா ஊர் திரும்பியதும் வழக்குத் தாக்கல் செய்யலாம்.

அதற்கு முன் திரும்பி வரும் டிக்கெட்டில் 'ஏ.வி.எம்.எல்' இருக்கிறதா என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேளுங்கள். பொடி தடவிய இட்லி நாலைந்து கைப்பையில் இருக்கட்டும், இன்சுலினும் டாக்டர் சீட்டும் கூடவே. தட்டு கண்முன் வந்த பிறகு ஊசி போடலாமா என்று அம்மாவின் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.