"மூத்தவள் என்ன படிக்கிறாள்?"

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம். நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி 17 ஆண்டுகளாக அமெரிக்காவில் வசித்து வருகிறேன். முதலில் பென்சில்வேனியாவில் இருந்தோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் வேலை மாற்றத்தால் டெக்சாஸில் டாலஸ் நகருக்கு அருகே குடியேறினோம். எங்களுக்கு ஏழு பிள்ளைகள். மூத்தவளுக்கு 15 வயது, கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. ஒருவரையும் பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டிலேயே கற்பிக்கிறோம். நானும் என் கணவரும் ஜெபித்து எடுத்த முடிவு இது.

என் வேதனை என் மாமியாரைப் பற்றியது. அவர் மிஷன் பள்ளியில் 35 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் ஆராதனைக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இங்கு காலை எட்டரை, பாளையங்கோட்டையில் இரவு ஏழு மணிக்கு, தொலைபேசியில் அழைப்பார். நலம் விசாரிப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மூத்தவள் என்ன படிக்கிறாள்?" ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் மருமகளிடம் கேட்க அவருக்கு வேறு எதுவுமே இல்லையா?

எங்கள் வீட்டின் ஒரு நாளை அவர் வந்து பார்க்க வேண்டும். நான் ஐந்தரை மணிக்கு எழுகிறேன். ஆறரைக்குக் குடும்ப ஜெபம். நான்கு வயதுப் பிள்ளை உட்பட எல்லோரும் அந்த வாரத்து மனப்பாட வசனத்தைச் சொல்வார்கள். 20 பவுண்டு இட்லி அரிசிப் பை மூன்று வாரம்கூடத் தாங்குவதில்லை. துணி துவைக்கும் இயந்திரம் நாளொன்றுக்கு மூன்று முறை ஓடுகிறது. எட்டரை மணிக்குச் சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. வேதபாடமும் வரலாறும் எல்லோருக்கும் சேர்த்து. கணிதம் அவரவருக்குத் தனியாக. ஒன்பது வயதுக்காரனுக்கு வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது ஏழு வயதுக்காரி எழுத்துக்கூட்டலில் அழுதுகொண்டிருப்பாள். 13 வயதான இரண்டாமவன் அக்காவோடு சேர்ந்தே இயற்கணிதத்தைத் தொடங்கி இப்போது 70ஆம் பாடத்தைத் தாண்டிவிட்டான், அவ்வளவு கெட்டிக்காரன். செவ்வாய்க்கிழமைகளில் பன்னிரண்டு இருக்கை வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு, வேறு சில குடும்பங்களோடு சபைக் கட்டடத்தில் நடத்தும் கோ-ஆப் வகுப்புக்குப் போகிறேன். அங்கே மற்றவர்களின் பிள்ளைகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இவ்வளவையும் பார்க்காமல் "மூத்தவள் என்ன படிக்கிறாள்?" என்று கேட்பது எவ்வளவு எளிது!

ஊரார் பேசுவது பழகிவிட்டது. கடையில் "எல்லாம் உங்கள் பிள்ளைகளா?" என்கிறார்கள். தமிழ்ச் சபையில் "இந்தக் காலத்தில் ஏழா?" என்று சிரிக்கிறார்கள். சென்னையில் இருக்கும் என் தங்கை, "அங்கே அரசுப் பள்ளி இலவசம்தானே, பிறகு ஏன் இந்தப் பாடு?" என்கிறாள். "பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்" என்று சபையில் சாட்சி சொல்லும் என் கணவர், இரவு ஏழு மணிக்கு வந்து "வீடு சந்தை மாதிரி இருக்கிறதே" என்கிறார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

நாங்கள் சட்டத்துக்குப் புறம்பாக எதையும் செய்யவில்லை. டெக்சாஸ் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுப்பள்ளியைத் தனியார் பள்ளியாகவே ஏற்று 1994இல் தீர்ப்பளித்திருக்கிறது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணிதம், நற்குடிமை ஆகியவற்றை உண்மையாகக் கற்பித்தால் போதும். பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. பென்சில்வேனியாவில் அப்படியில்லை. ஆண்டுதோறும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு எழுத வேண்டும். ஆண்டு முடிவில் மதிப்பீட்டாளர் ஒருவர் கோப்பைப் பார்த்துப் பிள்ளையிடமும் பேசுவார். மூத்தவள் அங்கே இரண்டு தேர்வுகளையும் நன்றாகவே எழுதினாள். எட்டாம் வகுப்புத் தேர்வு இங்கே தேவைப்படவில்லை. அரசாங்கமே கேட்காத கேள்வியை என் மாமியார் ஏன் கேட்க வேண்டும்?

கடைசிப் பிரசவத்தில் அறுவை சிகிச்சை நடந்ததால் ஆறு வாரம் என்னால் எதையும் தூக்க முடியவில்லை. அப்போதிருந்து சின்னவன் மூத்தவளோடுதான் இருக்கிறான், அவள் அறையில்தான் தூங்குகிறான். இரவில் அழுதால் "அக்கா" என்றுதான் கூப்பிடுகிறான், எனக்கும் அது ஒரு விதத்தில் ஓய்வுதான். போன மாதம் அவளுடைய இயற்கணிதப் புத்தகத்தை எதற்கோ எடுத்தபோது, 120 பாடங்களில் 41ஆம் பாடத்தில், நவம்பரில் விட்ட இடத்திலேயே பக்க அடையாள நாடா இருந்தது, கேட்டதற்கு, "இது எனக்குத் தேவைப்படுமா அம்மா?" என்றாள். அதை விடுங்கள், அவள் பொறுப்பான பெண். உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் பட்டியலை இங்கே பெற்றோரே தயாரிக்கலாம். அதில் "குழந்தை வளர்ப்பு" என்று ஒரு பாடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கோ-ஆப்பில் ஒரு சகோதரி சொன்னார்.

19 பிள்ளைகளைப் பெற்று வீட்டிலேயே கற்பித்த, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயான சூசன்னா வெஸ்லி அம்மையாரிடம் யாரும் இப்படிக் கேள்வி கேட்டிருப்பார்களா? என் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும்? எப்படிச் சொன்னால் அவர் இந்தக் கேள்வியை நிறுத்துவார்?

இப்படிக்கு,
ஏழு பிள்ளைகளின் தாய், டெக்சாஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "அதை விடுங்கள்" என்று ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். மன்னியுங்கள், நான் அதை விடப்போவதில்லை. கடையில் கேட்பவர்களையும் தமிழ்ச் சபையில் சிரிப்பவர்களையும் உங்கள் தங்கையையும் வேண்டுமானால் விட்டுவிடலாம்; அவர்கள் சொன்னது உங்களைப் பெரிதாகத் தொடவில்லை என்பது நீங்கள் எழுதியிருக்கும் வேகத்திலேயே தெரிகிறது. மாமியாரின் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது.

"மூத்தவள் என்ன படிக்கிறாள்?" என்ற கேள்விக்குப் பதிலாக நீங்கள் அரிசிப் பையைப் பற்றி எழுதினீர்கள், துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றி எழுதினீர்கள், நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றியும் எழுதினீர்கள். ஒன்பது வயதுக்காரன் வகுத்தல் படிக்கிறான், ஏழு வயதுக்காரி எழுத்துக்கூட்டிப் பழகுகிறாள், இரண்டாமவன் 70ஆம் பாடத்தைத் தாண்டிவிட்டான் என்பதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். மூத்தவள் என்ன படிக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்பது தெரிகிறது, குழந்தை வளர்க்கிறாள். உங்கள் மாமியாரின் கேள்வி குத்தலாக இருப்பதால் வலிக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்வதற்குப் பதில் இல்லாததால் வலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவேளை அந்த அம்மையார் கடுமையாகவே கேட்கலாம். 35 ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்களின் குரல் அப்படி ஆகிவிடுவதுண்டு. ஆனால் கேள்வி சரியான கேள்வி, அவர் யாரைப் பற்றிக் கேட்கிறாரோ அந்தப் பிள்ளையும் சரியான பிள்ளை.

வீட்டிலே கற்பிப்பது தவறென்றோ ஏழு பிள்ளைகள் அதிகமென்றோ நான் சொல்லவில்லை. ஐந்தரை மணிக்கு எழுந்து இத்தனை பேருக்குச் சமைத்து, துவைத்து, கற்பித்து, ஜெபிக்கவும் வைக்கும் தாயின் உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. என் கவலை அந்த நாடாவைப் பற்றியது. ஒரே மேசையில், ஒரே புத்தகத்தை, ஒரே காலத்தில் தொடங்கிய இருவரில் தம்பி 70ஐத் தாண்டிவிட்டான், அக்கா 41இல் நிற்கிறாள். அதை நீங்கள் அவனுடைய கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறீர்கள். இரவில் அழும் குழந்தையை அவன் எழுந்து தூக்குகிறானா?

ஆறு வாரங்கள் அவள் உங்களுக்குக் கை கொடுத்தாள். அது உதவி, அது அழகு, எந்தப் பெரிய குடும்பமும் அப்படித்தான் நடக்கும். உதவி என்றால் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். உங்கள் உடல் தேறிய பிறகும் யாரும் அவளிடம் "போதும் மகளே, இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லவில்லை. ஆறு வாரம் ஒன்றரை ஆண்டாகிவிட்டது. நம் வீடுகளில் மூத்த பெண்ணைப் "பொறுப்பானவள்" என்று மெச்சிக்கொள்வது, அவளிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் ரசீதாகவே பல நேரங்களில் இருக்கிறது. மதிப்பெண் பட்டியலில் "குழந்தை வளர்ப்பு" என்று சேர்க்கப் பார்ப்பதும் அதே ரசீதுதான், கொஞ்சம் நல்ல தாளில். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பட்டியலை வாசிக்கும் கல்லூரிக்காரர் ஏமாறுகிறாரோ இல்லையோ, தான் இழந்த பாடத்தின் இடத்தில் எதை நிரப்பியிருக்கிறோம் என்பது உங்கள் மகளுக்குத் தெரியும்.

"இது எனக்குத் தேவைப்படுமா அம்மா?" என்று அவள் கேட்டதைச் சோம்பேறித்தனமாக நீங்கள் எடுத்துக்கொள்ளவில்லை, நல்லது. ஆனால் அதை ஒரு கேள்வியாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. கணிதம் பிடிக்காத பிள்ளை "இது கஷ்டம்" என்று சொல்லும், "நாளைக்கு" என்று சொல்லும். 15 வயதுப் பெண் தேவைப்படுமா என்று கேட்டால், தன்னை எதற்காக வளர்க்கிறார்கள் என்று அவள் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாள் என்றே நான் புரிந்துகொள்கிறேன். விடை சரிதானா என்றுதான் உங்களைக் கேட்டாள். நீங்கள் பதில் சொல்லவில்லை. மௌனம் அவளுக்குப் பதிலாகியிருக்கும்.

சூசன்னா வெஸ்லியை நீங்களே அழைத்து வந்தீர்கள், ஆகவே அவரிடமே கேட்போம். தம் கற்பிக்கும் முறையைப் பற்றி மகன் ஜானுக்கு 1732இல் எழுதிய கடிதத்தில், வீட்டு விதிகளில் ஒன்றாக அவர் குறிப்பிடுவது இது: எந்தப் பெண்பிள்ளைக்கும் நன்றாக வாசிக்க வரும்வரை வேலை கற்பிக்கக் கூடாது. வேலை என்று அவர் சொன்னது தையலை. வாசிப்பு கைவரும் முன்பே பெண்களைத் தையலில் உட்கார வைப்பதால்தான் கேட்கும்படி வாசிக்கக்கூடிய பெண்கள் அவ்வளவு குறைவாக இருக்கிறார்கள் என்றும் அதில் எழுதினார். பிறந்த 19 பேரில் பலரைக் குழந்தையாகவே பறிகொடுத்து, எப்போதும் பணமுடையில் இருந்த, இங்கிலாந்தின் எப்வொர்த் ஊர்ப் போதகர் வீட்டில், பெண்பிள்ளைகளின் கை அவருக்கு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! இன்னொன்றும் உண்டு. இரவுதோறும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுவதை அவர் வழக்கமாக வைத்திருந்தார். ஜானுக்கு வியாழக்கிழமை. ஞாயிறு, மூத்த பெண்கள் எமிலிக்கும் சூக்கிக்கும். அவர் தம் கணவருக்கு இதை எழுதிய 1712இல் எமிலிக்கு ஏறக்குறைய 20 வயது. வளர்ந்துவிட்டாள், இனி அவள் என்னோடு சேர்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அந்தத் தாய் விட்டுவிடவில்லை.

நீங்கள் வேதம் வாசிக்கிறவர், ஆகவே மோசேயின் அக்காளையும் நினைவூட்டுகிறேன். குழந்தை மோசே இருந்த நாணற்பெட்டியை அவள் தூரத்தில் நின்று காவல் காத்தாள். பார்வோனின் குமாரத்தியிடம் துணிந்து பேசினாள். பிறகு பிள்ளையின் தாயைப் போய் அழைத்துவந்தாள். குழந்தை தாயின் கைக்கே திரும்பியது. அக்காளின் காவல் அங்கே முடிந்தது.

பென்சில்வேனியாவில் உங்களைத் தொல்லைப்படுத்திய அந்த மதிப்பீட்டாளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒருமுறையாவது உங்கள் குடும்பத்துக்கு வெளியே இருந்த ஒருவர் உங்கள் மகளை உட்கார வைத்து, "நீ என்ன படித்தாய்?" என்று அவளையே கேட்டார். டெக்சாஸ் அந்தச் சுமையை உங்கள் தோளிலிருந்து இறக்கியது; அவளுக்கு இருந்த ஒரு சன்னலையும் கூடவே சாத்திவிட்டது. இப்போது உங்கள் வீட்டுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே ஆய்வாளர் பாளையங்கோட்டையிலிருந்து ஞாயிறுதோறும் வருகிறார், சம்பளம் இல்லாமல். சட்டம் கேட்காவிட்டாலும், இந்த ஆண்டு மூத்தவளை ஒரு பொதுத் தேர்வு எழுத வையுங்கள். அவளைக் குற்றம் சாட்டுவதற்காக அல்ல. எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கும் உங்களுக்கும் தெரிவதற்காக.

குழந்தை அக்காவைக் கூப்பிடுவது உங்களுக்கு ஓய்வாக இருக்கிறது என்று எழுதியதற்காக வெட்கப்படாதீர்கள். உங்களுக்கு ஓய்வு வேண்டும். அது 15 வயதுப் பிள்ளையின் தூக்கத்திலிருந்து வரக் கூடாது. சின்னவனின் தொட்டிலை இந்த வாரமே உங்கள் அறைக்கு மாற்றுங்கள். முதல் சில இரவுகள் அழுவான்; பாதி இரவுகளுக்கு உங்கள் கணவர் எழுந்திருக்கட்டும், சபையில் சொல்லும் சாட்சிக்கு அதுவும் வலுச் சேர்க்கும். காலையில் இரண்டு மணி நேரம் மூத்தவளின் அறைக்கதவை ஒருவரும் தட்டக் கூடாது. அந்த நேரத்துக்குச் சின்னவனை யார் பார்ப்பது என்று கேட்பீர்கள். 13 வயதுக்காரனுக்கும் கைகள் உண்டு. செவ்வாய்க்கிழமை மற்றவர்களின் பிள்ளைகளுக்கு நீங்கள் எடுக்கும் அறிவியல் வகுப்பை வேறொருவர் ஓர் ஆண்டு எடுக்கட்டும். அந்த நேரத்தில் 42ஆம் பாடத்தை உங்கள் மகளோடு உட்கார்ந்து நீங்கள் போடுங்கள்.

மாமியாரிடம் என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். வரும் ஞாயிறு எட்டரை மணிக்கு அவர் அழைத்ததும் தொலைபேசியை மூத்தவளிடம் கொடுத்து, "ஆச்சி உன்னைத்தான் கேட்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு அவள் அறைக்கதவைச் சாத்திவிடுங்கள். மற்ற ஆறு பேருக்கும் அன்றைக்குத் தலைவாரிக் காலணி மாட்டிவிடுவது நீங்களாகத்தான் இருக்க வேண்டும். ஆராதனைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருவீர்கள்.