வீட்டுக் குளத்தில் அரோவானா: கடலோரத்துக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

அமேசான் ஆற்றுப் பெரிய வளர்ப்பு மீனான சில்வர் அரோவானாவுக்கு வீட்டில் குளம் அமைப்பது பற்றி மட்டும் கேளுங்கள். மீன் வாங்குவது, விற்பது, விலை பேசுவது இங்கே வேண்டாம்.

தங்கச்சிமடம்: அண்ணே, வீட்டுக்குப் பின்னாடி இடம் கிடக்கு. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம் தோண்டணும்?

உங்கள் பக்கம் மணலைத் தோண்டினால் நாலைந்து அடியிலேயே ஊற்று வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் மேலே ஏறும். முழுக்கத் தரைக்குக் கீழே கட்டிவிட்டு, சுத்தம் செய்ய ஒருநாள் குளத்தைக் காலி செய்தால், அடியிலிருந்து தள்ளும் ஊற்று தரையைப் பிளந்துவிடும். தார்ப்பாய் விரித்த குளமென்றால் பாய் பந்துபோல் உப்பிக்கொள்ளும். அதனால் ஒன்றரை அடி கீழே, இரண்டரை அடி மேலே என்று கட்டுங்கள். மழைவெள்ளமும் உள்ளே வராது.

உள்நீளம் 12 அடி, அகலம் 6 அடி, சுவர் 4 அடி. அதில் தண்ணீர் இரண்டரை அடி, மேலே ஒன்றரை அடி வெற்றுச் சுவர். 180 கன அடி, அதாவது சுமார் 5,100 லிட்டர். இது ஒரே ஒரு மீனுக்கு. வளர்ந்த சில்வர் இரண்டரை அடி வரும். மேல்மட்டத்திலேயே நீந்துகிற மீன் என்பதால் அதற்குத் திரும்ப அகலம்தான் வேண்டும், ஆழம் அல்ல. மூலைகளை ஒரு அடி ஆரத்துக்கு வளைத்துப் பூசச் சொல்லுங்கள். இரவில் மிரண்டால் நேராக ஓடி மூலையில் மோதும். வாய்முனையும் மீசையும் போய்விடும். தரை ஒரு கோடிக்கு 3 அங்குலம் சரியட்டும், அந்தக் கோடியில் 2 அங்குலக் குழாயில் வடிகால்.

கடல் மணலைப் பூச்சுக்குச் சேர்க்க விடாதீர்கள். உப்புத் தண்ணீரில் கலவை போடவும், சுவரை நனைக்கவும் விடாதீர்கள். உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், சுவர் வெடிக்கும், பிறகு கசிவை அடைக்க வழியே இருக்காது. ஆற்று மணல் அல்லது எம்-சாண்ட், நனைக்க நல்ல தண்ணீர்.

புதுச் சிமென்ட் சுண்ணாம்பை விடும். பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 10-க்கு மேல் போகும். நிரப்பி ஒரு வாரம் வைத்து இறக்குவதை மூன்று நான்கு தடவை செய்யுங்கள். கடைசித் தடவை குளத்துத் தண்ணீரின் பிஎச், நீங்கள் ஊற்றிய தண்ணீரைவிட அரைப் புள்ளிக்கு மேல் ஏறக்கூடாது.

கீழக்கரை: காக்கா, எங்க போர் தண்ணி சப்புன்னு உவர்ப்பா இருக்கு. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்ச உப்போட அளவு) 2,000 காட்டுது. விடலாமா?

அப்படியே விடக்கூடாது, தம்பி. இது அமேசான் ஆற்று மீன். மென்மையான தண்ணீரில் பிறந்தது, பிஎச் 6-லிருந்து 7 வரை அதற்குச் சுகம். 7.5 வரை பழகிக்கொள்ளும், உவரைப் பழகாது.

மழைத்தண்ணீரைக் கலந்து இறக்குங்கள். மழைநீரின் டிடிஎஸ்ஸை 20 என்று வைத்தால், போர் தண்ணீர் ஒரு பங்குக்கு மழைநீர் நான்கு பங்கு: டிடிஎஸ் 416 வரும். அது போதும். கடற்காற்று மொட்டைமாடியில் உப்பைப் படியவைத்திருக்கும், ஆகையால் ஒவ்வொரு மழையிலும் முதல் கால் மணி நேரத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். வெறும் மழைநீரை மட்டும் நிரப்புவதும் தவறு. அதில் பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் இல்லை, திடீரென்று சரியும்.

காவிரி கூட்டுக் குடிநீர் கிடைக்கிறவர்கள் அதையே விடலாம், குளோரினை எடுத்த பிறகு. தனித் தொட்டியில் காற்றடித்து இரண்டு நாள் வையுங்கள். அவசரமென்றால் ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் கட்டி. 1,000 லிட்டரில் குளோரின் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) இருந்தால் 14 கிராம் போதும். வாரம் ஒருமுறை 15 முதல் 20 சதவீதம் மாற்றுங்கள், அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம்.

மண்டபம்: வடிகட்டிக்குள்ள சிப்பி, பவளக்கல் போட்டா தண்ணி தெளிவா இருக்குமாம், உண்மையா?

போடாதீர்கள். பவளக்கல்லும் கிளிஞ்சலும் சுண்ணாம்புதான்; கரைந்து பிஎச்சை 8-க்கு மேல் ஏற்றிவிடும். மீன் கழிவின் அம்மோனியா, பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் ஏறக்குறைய பத்து மடங்கு நஞ்சாகும். போதாததற்கு, பவளம் வன உயிரினச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கியதானாலும் எடுத்து வராதீர்கள்.

மூன்று நீல டிரம், ஒவ்வொன்றும் 200 லிட்டர். வடிகால் தண்ணீர் முதல் டிரம்மில் இறங்கி மண்டி தங்கட்டும். இரண்டாவதில் வடிகட்டி மேட். மூன்றாவதில் நன்றாகச் சுட்ட செங்கல் ஜல்லி, முட்டை அளவு. அங்கிருந்து மணிக்கு 5,000 லிட்டர் மோட்டார் குளத்துக்குத் திருப்பி விடும். கழிவைத் தின்னும் நுண்ணுயிர் ஜல்லியில் குடியேற, மீன் விடும் முன் தினம் ஒரு பிடி தீவனம் போட்டு 4 முதல் 6 வாரம் ஓட்டுங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். ஜல்லியைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள், குளோரின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும். குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள்.

தொண்டி: எட்டடிக் குளம் போதுமா?

போதாது.

பாம்பன்: மேல மூடி அவசியமா? ஒன்றரை அடி சுவரு விட்டாச்சுல்ல.

கட்டாயம். அமேசானில் இந்த மீன் தண்ணீருக்கு மேல் தொங்கும் கிளையிலிருந்து வண்டைப் பிடிக்கத் தாவுகிறது. ஆறடி வரை எழும்பும். ஒன்றரை அடிச் சுவர் தற்செயலான தாவலைத் தடுக்கும், குறிவைத்த தாவலைத் தடுக்காது. குளத்துக்கு மேல் டியூப்லைட் போட்டிருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு மீன் தாவும். விளக்கைத் தள்ளிப் போடுங்கள். அப்புறமும் மூடுங்கள்.

பாம்பன்: எங்ககிட்ட நரம்பு வலை பழசு நெறைய கிடக்குண்ணே. இழுத்துக் கட்டிட்டா முடிஞ்சுச்சு.

நரம்பு வலை, அதாவது நைலான் இழை மீன்வலை, மட்டும் ஆகவே ஆகாது. அது என்ன வேலைக்குப் பின்னியது என்று உங்களுக்கே தெரியும்: தலை நுழையும், உடம்பு நுழையாது, பின்வாங்கினால் செவுள் மூடியில் கண்ணி மாட்டும். இருட்டில் தாவுகிற அரோவானாவுக்கும் அதேதான் நடக்கும். விடியும்வரை வலையிலேயே தொங்கும்.

ஏர்வாடி: அண்ணன் சொல்றது பெரிய கண்ணிக்குத்தான். நெத்திலி வலை மாதிரி பொடிக் கண்ணி போட்டா செவுள் எப்படி மாட்டும்?

செவுள் மாட்டாது, சரிதான். மீசை மாட்டும். இந்த மீனுக்குக் கீழ்வாய் நுனியில் இரண்டு மீசை, குச்சிபோல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். மெல்லிய நூல் அதில் சுற்றினால் அடியோடு முறியும். இன்னொன்று, தளர்ந்த வலை தொட்டில்போல் தொங்கும். மீன் அதில் விழுந்து கிடந்து துடிக்கும், செதில் உரியும்.

பாம்பன்: வலைய நாங்க தொங்க விடுவோமா? முறுக்கி விறைப்பாக் கட்டத் தெரியாதா?

கட்டத் தெரியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நைலான் ஈரத்தில் நீளும். இன்று விறைப்பாகக் கட்டியது மழைக்கு அப்புறம் தொய்யும். வாராவாரம் இழுத்துக் கட்டுவீர்களா?

தொண்டி: பாம்பன்காரர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு. இரும்புச் சட்டம் போட்டா எங்க காத்துக்கு ஒரு வருசத்துல பொடிஞ்சிரும். வலை துருப்பிடிக்காதே.

துருவைப் பற்றிச் சொன்னது சரி. அதனால்தான் சட்டத்துக்கு இரும்பு வேண்டாம் என்கிறேன். ஒன்றேகால் அங்குல பிவிசி குழாயில் 3 அடிக்கு 3 அடி சட்டங்கள், 12 × 6 குளத்துக்கு எட்டு. நடுவில் ஒரு குறுக்குக் குழாய். மேலே அரை அங்குலக் கண்ணியுள்ள தடித்த எச்டிபிஇ (கெட்டிப் பிளாஸ்டிக்) தோட்ட வலை, விரல் வைத்து அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக்கூடாது. ஒவ்வொரு சட்டத்தையும் சுவரில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். கட்டாவிட்டால் புயல் காற்று தூக்கிக்கொண்டு போகும். மீன் முட்டும், வழுக்கித் தண்ணீருக்கே திரும்பும். காக்கை, மீன்கொத்தி, பூனைக்கும் இதுவே தடுப்பு. பழைய வலை உங்களுக்குச் சும்மா கிடைக்கிறது என்பது புரிகிறது. ஆனால் மீன் சும்மா கிடைக்கவில்லையே.

தேவிபட்டினம்: சாளை, நெத்திலி தினம் வருது. அதையே போடலாமா, ஐயா?

எப்போதாவது போடலாம், தினமும் கூடாது. சாளை, நெத்திலி வகையில் தயமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. பி1 வைட்டமினை அழிப்பது அது. ஐஸில் வைத்தாலும் சாகாது, வேகவைத்தால்தான் சாகும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் நிலை தடுமாறி நீந்தும். தோல் உரித்து, தலைக் கொம்பு நீக்கி, நல்ல தண்ணீரில் அலசிய இறால் கொடுங்கள். கூடவே வெட்டுக்கிளி, சில்வண்டு, மிதக்கும் தீவனம். மருந்தடித்த வீட்டுக் கரப்பான் வேண்டாம். குஞ்சுக்குத் தினம் இரண்டு வேளை, ஒன்றரை அடி தாண்டியதற்கு வாரம் மூன்று நாள்.

ஏர்வாடி: ரெட் அரோவானா வைக்கலாமா?

அது ஆசிய இனம், சைட்டிஸ் என்னும் அருகும் உயிரின வணிக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் உள்ளது. வன உயிரினச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு வைத்திருப்போர் பதிவு செய்தாக வேண்டும். காகிதம் இல்லாத மீனைத் தொடாதீர்கள்.

கீழக்கரை: வாஸ்துப்படி எந்த மூலை?

வாஸ்து எனக்குத் தெரியாது. மதிய வெயில் விழாத மூலை எதுவோ அது. இல்லையென்றால் பனையோலைப் பந்தல் போடுங்கள்.

மண்டபம்: போர் தண்ணி விடலாமா?

மேலே கீழக்கரைத் தம்பிக்குக் கணக்கோடு எழுதியிருக்கிறேன். படியுங்கள்.

தங்கச்சிமடம்: கரண்டு போனா?

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார். தண்ணீர் மட்டத்துக்கு மேலே, வீட்டுக்குள் வையுங்கள். வெளியே உப்புக்காற்று தின்றுவிடும். டியூபில் ஒருவழி வால்வு.

தொண்டி: பெருசாயிட்டா ஊரணியில விட்டுரலாமா?

கூடாது. கண்மாயிலும் கூடாது. நம் கெண்டையும் கெளுத்தியும் இருக்கிற தண்ணீர் அது. இடம் இல்லையென்றால் இப்போதே வாங்காதீர்கள்.

தேவிபட்டினம்: பத்தடிக் குளம், ரெண்டு மீன், சரியா வருமா?

வராது. இரண்டும் அடித்துக்கொள்ளும். அளவு முதல் பதிலில் இருக்கிறது.

பாம்பன்: சட்டம் போட்டாச்சுண்ணே, நீங்க சொன்ன மாதிரியே. மோட்டார் குழாய் எறங்குற மூலையில மட்டும் அரையடி சந்து இருக்கு. பரவாயில்லையா?

தண்ணீர் விழும் சத்தத்துக்கு மீன் அந்த மூலையில்தான் வந்து நிற்கும். வலைத் துண்டை வெட்டி, குழாயைச் சுற்றி இறுக்கிக் கட்டி, இன்று பொழுது சாயுமுன் அடைத்துவிடுங்கள்.