நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு டெஸ்ட்?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. சௌகார்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். மாமனார் சுகரால் சிறுநீரகம் கெட்டு, இரண்டு வருடம் டயாலிசிஸில் இருந்து இறந்துபோனார். அவருக்கு சுகர் இருந்ததே கால் வீங்கின பிறகுதான் தெரிந்தது. இவரை டெஸ்ட் எடுக்கக் கூப்பிட்டால், "நல்லாத்தானே இருக்கேன், சும்மா இருக்கிற உடம்பை ஏன் நோண்டணும்" என்கிறார். போதாக்குறைக்கு என் தம்பி 80 டெஸ்ட் உள்ள பேக்கேஜ் ஒன்று எடுத்தான். அதில் சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீடு கொஞ்சம் கூட இருக்கிறது என்று வந்து, ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிகிறவரை ஒரு மாதம் தூங்கவில்லை. அதைச் சொல்லியே இவர் தப்பிக்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, பெரம்பூர்

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் தம்பி விஷயத்தில் உங்கள் கணவருக்கு வந்த பயமும் நியாயமானதுதான், அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பேசுவோம்.

முதலில் உங்கள் மாமனார். கால் வீங்கிய அன்றைக்கா அவருக்கு நோய் ஆரம்பித்தது? இல்லை, வருஷக்கணக்காக உள்ளே இருந்திருக்கும். சிறுநீரகம் கெடும்போது வலிக்காது. ஒரு பகுதி பழுதானால் மிச்சப் பகுதி சேர்த்து உழைத்து ஈடுகட்டிவிடும், அதனால் பாதி திறன் போன பிறகும்கூட ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) நார்மல் என்றே வரலாம். அதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசிகிற ஆல்புமின் என்ற புரதம். சிறுநீரில் ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமைத் தாண்டினால் டாக்டர் உஷாராகிவிடுவார். அந்த நிலையில் பிடித்துவிட்டால் சுகரையும் பிபியையும் அடக்கி, கசிவைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்து, டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம், எத்தனையோ பேருக்கு வராமலே காக்கவும் முடிகிறது. கால் வீங்கிய பிறகு போனால் இந்த வழிகளில் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கும்.

என் அப்பாவுக்குக் கண்ணில் நடந்தது இது. சுகர் வந்து பதினோரு வருஷம், பேப்பர் படிக்க எழுத்து தெளிவாகத் தெரிகிறதே என்று விழித்திரையை ஒரு தடவைகூடக் காட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்த டாக்டரும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் இடது கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ இறங்குகிறது என்றார். உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. அந்தக் கண்ணில் பார்வை முழுசாகத் திரும்பவே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லக் கேட்டபோது அம்மா அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்று யார் சொன்னாலும் எனக்குப் பதறுகிறது.

சரி, உங்கள் கணவருக்கு என்ன வேண்டும்? அப்பாவுக்கு சுகர், நாற்பது தாண்டிய வயது, நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. இந்த மூன்றே போதும். வெறும் வயிற்று சுகர், சுகரின் மூன்று மாத சராசரி (HbA1c), பிபி, கொழுப்பு, கிரியேட்டினின், அப்புறம் நான் சொன்ன அந்தச் சிறுநீர் டெஸ்ட், அவ்வளவுதான். மூன்று மாத சராசரி 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர். நடுவில் வந்தால் அதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இதற்கு நம் சென்னையிலேயே ஆதாரம் உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சுகருக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. சுமார் மூன்று வருஷத்தில், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துவிட்டது, சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களுக்கு எந்த அறிகுறியும் இருந்திருக்காது, டெஸ்ட் எடுத்ததால் மட்டுமே தெரிந்தது.

இப்போது தம்பி. லேப் ரிப்போர்ட்டில் நார்மல் என்று போடுகிற அளவு பெரும்பாலும் எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமாக இருப்பவர்களில் 100க்கு 95 பேர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்களோ அதுதான். அதாவது ஒரு நோயும் இல்லாத ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். அப்படியென்றால் 80 டெஸ்ட் எடுக்கிற ஆரோக்கியமான மனிதருக்கு சராசரியாக நாலு எண் சிவப்பில் வருவது கணக்குப்படி சகஜம். சி.இ.ஏ. ஏற்கெனவே புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களைத் தொடர்ந்து கவனிக்கத்தான் பயன்படும், சிகரெட் பிடிப்பவர்களுக்கு நோய் இல்லாமலே அது கூடும். தென்கொரியாவில் அறிகுறி இல்லாதவர்களுக்கும் தைராய்டு ஸ்கேன் பரவலானது. 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் விகிதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கானது, அந்த நோயால் இறப்பவர்கள் விகிதமோ மாறவே இல்லை. ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் கட்டிக்காக எத்தனை பேர் கழுத்தில் கத்தி வைத்துக்கொண்டார்கள், பாருங்கள். அதனால் எந்த டெஸ்ட்டுக்கும் முன்னால், "இதில் ஏதாவது வந்தால் செய்ய வழி இருக்கிறதா, இப்போதே செய்வதால் எனக்கு லாபமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். பேக்கேஜ் எவ்வளவு தள்ளுபடி என்பது இதில் கணக்கே இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். கடிதம் முழுக்கக் கணவர், மாமனார், தம்பி. நீங்கள் எங்கே? உங்கள் வயதைக்கூட எழுதவில்லை. 30 தாண்டிய பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். புற்றாக மாறப் பல வருஷம் எடுக்கிற நோய் அது, மாறுவதற்கு முந்தைய கட்டத்திலேயே தெரிந்துவிடும், அங்கேயே சிகிச்சை கொடுத்து முடித்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்க்கிற எளிய சோதனையைச் செய்தார்கள், தேவைப்பட்டவர்களுக்கு உடனே சிகிச்சையும் கொடுத்தார்கள். அதனால் அந்தப் புற்றுநோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியான முடிவு சொல்கிறது. மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதையும் கேளுங்கள். சுகர், பிபியும் அங்கே காசில்லாமல் பார்ப்பார்கள்.

கணவரிடம் சண்டை போடும்போது மாமனார் சாவை இழுக்காதீர்கள், அவருக்கு உள்ளுக்குள் இருப்பது அந்த பயம்தான் என்று நினைக்கிறேன். "எனக்கு டெஸ்ட் எடுக்கணும், தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது, கூட வாங்க" என்று கூப்பிடுங்கள், நிஜமும் அதுதானே. முந்தின ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், காலையில் காபியும் கூடாது. டெஸ்ட் முடிந்ததும் இரண்டு பேருமாக வெளியே எங்காவது டிபன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் வையுங்கள், அடுத்த வருஷம் டாக்டர் முதலில் கேட்பது போன வருஷத்து எண்ணைத்தான்.