உக்ரைன் தேர்தலா? கட்சிப் பெயரை விடுங்கள், டிவி சேனல் யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: இதழியல் படிக்கிறேன். உக்ரைன் தேர்தல்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். கிடைக்கிற வரைபடங்களில் மேற்கு ஒரு நிறம், கிழக்கு ஒரு நிறம். உக்ரைனிய மொழிக்காரர்கள் ஒரு பக்கம், ரஷ்ய மொழிக்காரர்கள் மறுபக்கம் என்று எழுதிவிடலாமா? கட்சிகளும் இரண்டு தேர்தலுக்கு மேல் தாக்குப்பிடிப்பதாகத் தெரியவில்லை. எதை வைத்துப் புரிந்துகொள்வது?

பதில்: அப்படி எழுதிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 2004 அல்லது 2010 அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று வரைபடமாக இருக்கும். களத்தில் இருவர்தான் என்றால் எந்த நாட்டுக்கும் இரண்டு நிறம்தான் வரும். பிளவே இல்லை என்று சொல்லவில்லை. 2010இல் கிழக்கே டொனெட்ஸ்க் மாகாணத்தில், ரஷ்யச் சார்பு வேட்பாளர் யானுகோவிச் சுமார் 90 சதவீதம் வாங்கினார். மேற்கே இவானோ-ஃபிராங்கிவ்ஸ்கில் அவரை எதிர்த்து நின்ற யூலியா திமோஷென்கோவுக்கு ஏறக்குறைய 89. ஆனால் இதை மொழிக்கோடு என்று சொல்லிவிட முடியாது. அன்றைக்குக் கீவ் தெருக்களில் ரஷ்ய மொழிதான் அதிகம் காதில் விழும். அதே கீவ் 2004இல் யானுகோவிச்சை எதிர்த்து நின்ற யுஷ்சென்கோவுக்கு அள்ளிக் கொடுத்தது. ரஷ்ய எல்லையை ஒட்டிய சுமி மாகாணமும் அவர் பக்கம்தான். அவர் பிறந்த மண் அது.

யுஷ்சென்கோவுக்கு முன் அதிபராக இருந்த குச்மாவின் கதை இன்னும் சுவாரசியம். 1994இல் ரஷ்யாவோடு நெருக்கம் என்று பேசி, கிழக்கின் ஓட்டில் ஜெயித்தார். மேற்கே உள்ள லிவிவ் மாகாணம் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 1999இல் எதிரே நின்றவர் கம்யூனிஸ்ட் தலைவர் சிமொனென்கோ. அதே லிவிவ் இப்போது குச்மாவுக்குக் கொட்டிக் கொடுத்தது. எதிராளி மாறியதும் கோடும் இடம் மாறிவிட்டது. 2019 இரண்டாம் சுற்றில் செலென்ஸ்கிக்கு 73 சதவீதம். அப்போதைய அதிபர் பொரொஷென்கோ முந்திய ஒரே மாகாணம் லிவிவ். கிரிமியாவிலும், கிழக்கே டான்பாஸின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளிலும் அப்போது வாக்குப்பதிவே நடக்கவில்லை என்பதையும் கட்டுரையில் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, கட்சிகளுக்கு வருவோம். திமோஷென்கோவின் 'பாட்கிவ்ஷினா' போல 1999 முதல் நிற்பவை அபூர்வம். மற்றவற்றில் பெரும்பாலானவை ஒரு தலைவரின் அல்லது ஒரு முதலாளிக் கூட்டத்தின் தேர்தல் வண்டிகள்தான். கொள்கை அறிக்கையைத் தேடி நேரத்தை வீணாக்காமல் வேட்பாளர் பட்டியலைப் பாருங்கள். நாட்டின் பெரும் பணக்காரர் ரினாத் அக்மெதோவே யானுகோவிச்சின் பிராந்தியங்களின் கட்சிப் பட்டியலில் வந்து எம்.பி. ஆனவர்.

ஒலிகார்க்குகள் என்று சொல்லப்படும் இந்தப் பெருமுதலாளிகளுக்குத் தேர்தலில் என்ன லாபம்? கிரிவி ரிஹ் நகரின் கிரிவோரிஜ்ஸ்தால் எஃகு ஆலை ஒன்றே போதும். 2004இல், குச்மா அதிபராகவும் யானுகோவிச் பிரதமராகவும் இருந்தபோது, அதை அரசு சுமார் 80 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அக்மெதோவும், குச்மாவின் மருமகன் விக்டர் பின்சுக்கும். 2004 தேர்தல் மோசடியை எதிர்த்து எழுந்த ஆரஞ்சுப் புரட்சிக்குப் பிறகு வந்த ஆட்சியில் அந்த விற்பனை ரத்தானது. 2005 அக்டோபரில் டிவியில் நேரலையாக மறு ஏலம் விட்டார்கள். லட்சுமி மிட்டலின் நிறுவனம் 480 கோடி டாலர் கொடுத்து எடுத்தது. ஆட்சி யார் கையில் என்பதற்கு ஒரே ஆலையில் இருந்த விலை அது.

அதற்காகத்தான் சேனல்கள். அன்றைக்கு அக்மெதோவிடம் 'உக்ராயினா', இன்னொரு ஒலிகார்க் கொலொமோய்ஸ்கியிடம் '1+1', பின்சுக்கிடம் 'ஐசிடிவி', சாக்லேட் முதலாளி பொரொஷென்கோவிடம் 'சேனல் 5'. செலென்ஸ்கியின் நகைச்சுவைத் தொடர் ஓடியது '1+1'இல். தொடரின் பெயரையே கட்சிக்கும் வைத்தார்கள். 2018 டிசம்பர் 31, நள்ளிரவுக்குச் சற்று முன், வழக்கமாக அதிபரின் புத்தாண்டு உரை வர வேண்டிய நேரம். அந்தச் சேனலில் வந்தவர் செலென்ஸ்கி, போட்டியிடுகிறேன் என்று அறிவித்தார். பொரொஷென்கோவின் உரை பிறகுதான் ஒளிபரப்பானது. அடுத்த ஜூலையில் அந்தப் புதுக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் 254 இடம்! சேனல் மட்டுமே ஜெயிக்க வைத்தது என்று எழுதினால் அதுவும் தப்பு. பழைய முகங்கள் மேல் மக்களுக்கு அவ்வளவு சலிப்பு.

கீழ்மட்டத்தில் வேறு வித்தைகள். கட்சிப் பட்டியல் இல்லாமல் ஒருவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தொகுதிகளில் முதியவர்களுக்கு பக்வீட் தானியப் பொட்டலம் விநியோகம் நடந்தது. 2019 அதிபர் வாக்குச்சீட்டில் யூலியா திமோஷென்கோவோடு யூரி திமோஷென்கோ என்றொருவரும் இருந்தார், முதலெழுத்துகள் வரை ஒன்றே. இதெல்லாம் எதற்கு என்று தமிழ்நாட்டு வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், இவற்றில் பலவற்றை இறந்தகாலத்தில் எழுதுங்கள். ஒலிகார்க்குகளைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டம் 2021இல் வந்தது. 2022 ஜூலையில் அக்மெதோவ் தன் சேனல் உரிமங்களை அரசிடமே திருப்பிக் கொடுத்தார். 2023 செப்டம்பரில் கொலொமோய்ஸ்கி கைதானார். 2022 பிப்ரவரியில் வந்த ராணுவச் சட்டம் நீடிக்கும்வரை தேர்தல் நடத்தச் சட்டம் இடம் தராது. 2020இல் நடப்புக்கு வந்த தேர்தல் சட்டத் தொகுப்பு நாடாளுமன்றத்துக்கான அந்த நேரடித் தொகுதிகளையும் நீக்கிவிட்டது. அதனால் பக்வீட் பொட்டலத்துக்கு இனி எவ்வளவு வேலை இருக்கும் என்பது அடுத்த தேர்தலில்தான் தெரியும்.

எழுத உட்காரும்போது 1999, 2004, 2019 மூன்றின் மாகாணவாரி முடிவுகளையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். லிவிவ், சுமி, டொனெட்ஸ்க் மூன்றை மட்டும் ஒப்பிட்டாலே கட்டுரைக்கு வேண்டிய பாதி கிடைத்துவிடும்.