பில்டில் எந்தச் சோதனைக் கருவியை வைப்பது?

கேள்வி: சேலம் ஐந்து ரோடு பக்கம் நாலு பேர் சேர்ந்து ஜாவாவில் பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகள்தான் வாடிக்கையாளர்கள். கோடின் தரத்துக்காக மேவன் பில்டில் (கோடை ஓடும் புரோகிராமாகக் கட்டும் வேலையில்) ஆளுக்கொன்றாகச் சேர்த்து எட்டு பிளகின் (கூடுதல் கருவி) ஆகிவிட்டது. எச்சரிக்கைகள் குவிகின்றன, யாரும் படிப்பதில்லை. காசு கொடுத்து நல்லதாக ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். எட்டையும் எடுத்துவிட்டு எரர் ப்ரோன், ஸ்பாட்பக்ஸ் இரண்டை மட்டும் வையுங்கள், இரண்டும் கோடில் உள்ள தப்பைத் தேடிக் காட்டும் இலவசக் கருவிகள். தப்பு இருந்தால் பில்ட் நிற்க வேண்டும். நிற்காத பில்டில் எத்தனை கருவி இருந்தாலும் பயனில்லை.

உங்கள் பில்லையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் பிக்டெசிமலில் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் ஜாவா வகை) இருக்கிறது. கூலியைச் சேர்க்க 'ஆட்' மெத்தடை அழைத்துவிட்டு, அது தரும் விடையை எந்த வேரியபிளிலும் வாங்காமல் விட்டால் மொத்தம் அப்படியேதான் இருக்கும். பிக்டெசிமல் தன்னை மாற்றிக்கொள்ளாது, புதிதாக ஒன்றைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். பட்டறைக்காரருக்குக் கூலி நஷ்டமாகிவிடும். சாதாரண கம்பைலர் (கோடை ஓடும் வடிவுக்கு மாற்றும் கருவி) இதைக் கண்டுகொள்ளாது. எரர் ப்ரோன் பிழை என்று சொல்லி அங்கேயே நிறுத்தும்.

எரர் ப்ரோனை கம்பைலர் பிளகினுக்குள் அனோட்டேஷன் பிராசசர் பாத்தில் (கம்பைல் நேரத்தில் மட்டும் பயன்படும் கருவிகளின் பட்டியல்) எழுதுங்கள். சாதாரண டிபென்டன்சியாக, அதாவது புரோகிராமுக்கு வேண்டிய வெளி லைப்ரரியாகப் போட்டால் வாடிக்கையாளருக்குப் போகும் பேக்கேஜிலும் ஏறிக்கொள்ளும். ஜாவா 16 முதல் கம்பைலரின் உள் பேக்கேஜ்களைத் திறந்துவிடும் ஆட்-எக்ஸ்போர்ட்ஸ், ஆட்-ஓபன்ஸ் வரிகளும் தேவை. பலர் இதில்தான் தடுக்கி, 'இல்லீகல் ஆக்சஸ்' பிழையைப் பார்த்ததும் கருவியையே தூக்கிவிடுகிறார்கள். அந்த வரிகளை ப்ராஜெக்டின் டாட் எம்விஎன் ஃபோல்டரில் உள்ள ஜேவிஎம் கான்ஃபிக் ஃபைலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஸ்பாட்பக்ஸில் 'செக்' கோலை (பிளகின் செய்யும் ஒரு வேலைக்குப் பெயர் கோல்) போடுங்கள். 'ஸ்பாட்பக்ஸ்' என்ற கோல் அறிக்கை மட்டும் தரும், பில்டை நிறுத்தாது. பழைய கோடில் ஏற்கெனவே உள்ள பிழைகளைக் கண்டு மலைக்க வேண்டாம். முதல் ஓட்டத்தின் எக்ஸ்எம்எல் அறிக்கையை 'எக்ஸ்க்ளூட் பக்ஸ் ஃபைல்' என்ற செட்டிங்கில் கொடுத்தால், இனி புதுத் தப்புக்கு மட்டும் நிற்கும். பழையதை ஓய்வாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

பழைய கட்டுரைகளைப் பார்த்து ஃபைண்ட்பக்ஸைப் போட்டுவிடாதீர்கள். அதன் 3.0.1 பதிப்பு 2015-இல் வந்தது, அதோடு நின்றுவிட்டது. அதன் வாரிசுதான் ஸ்பாட்பக்ஸ். எந்தக் கருவியானாலும் முதலில் கடைசிப் பதிப்பின் தேதியைப் பாருங்கள். பிளகின்களுக்கும் பதிப்பு எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் வீட்டிலிருந்து வேலை. மழைக்கு நெட் போனால் பில்டும் நின்றுவிடுகிறது.

பதில்: தேவையானதை முன்கூட்டியே இறக்கிவைக்கும் 'டிபென்டன்சி கோ-ஆஃப்லைன்' கட்டளையை மட்டும் நம்பாதீர்கள். டெஸ்ட்டை ஓட்டும் ஷ்யூர்ஃபயர், தனக்கு வேண்டிய ஜாரை (லைப்ரரி ஃபைலை) ஓடும்போதுதான் இறக்கும், அது விடுபடலாம். நெட் இருக்கும்போது 'மேவன் வெரிஃபை' ஒருமுறை முழுதாக ஓட்டிவிடுங்கள், டெஸ்ட்டைத் தவிர்க்காமல். பிறகு 'மைனஸ் ஓ' சேர்த்து ஓட்டினால் நெட்டைத் தேடாது. போம் ஃபைலில் (மேவன் செட்டிங்குகளை எழுதும் ஃபைல்) புது ஜார் சேர்த்தால் மறுபடி ஒருமுறை நெட்டோடு ஓட்ட வேண்டும்.