280 இலவசக் கட்டுரை போட்டும் கூகுளில் மேலே வரவில்லை, ஏன்?

கேள்வி: ஏற்காட்டில் நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம். தோட்டத்துக் காப்பித்தூளும் மிளகும் விற்கிறோம். எங்களுக்கு இணையதளம் செய்து கொடுத்த சேலத்துக்காரர், "சைட்டில் கட்டுரை நிறைய இருந்தால் கூகுளில் தானாக மேலே வரும்" என்று சொல்லி, மாதம் 6,000 ரூபாய்க்கு இலவச மறுபதிப்புக் கட்டுரைகளை ஏற்றி வருகிறார். ஐந்து மாதத்தில் 280 ஆகிவிட்டது. 'ஏற்காடு ஹோம்ஸ்டே' என்று தேடினால் நான்காம் பக்கத்தில்கூட நாங்கள் இல்லை. இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார். பொறுக்கலாமா? கட்டுரைகளை எடுத்துவிட்டால் இருக்கிற இடமும் போய்விடுமா? காப்பிப் பழம் பறிப்பதைப் பற்றி என் மகள் எழுதிய கட்டுரையை ஒரு பயண இணையதளம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: பொறுக்க வேண்டாம். ஐந்து மாதம் பொறுத்ததே அதிகம். ஆனால் "இனிமேல் பணம் தரமாட்டேன்" என்று இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

இலவச மறுபதிப்புக் கட்டுரை என்றால் என்னவென்று உங்களுக்கு யாரும் விளக்கியிருக்க மாட்டார்கள். ஒருவர் கட்டுரை எழுதி, ஆர்ட்டிகிள் டைரக்டரி என்கிற கிடங்கில் போட்டுவைப்பார். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சைட்டில் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. ஒரே நிபந்தனை, கட்டுரையின் அடியில் இருக்கும் எழுதியவரின் குறிப்பையும், அவருடைய சைட்டுக்குப் போகிற இணைப்பையும் அப்படியே விட்டுவைக்க வேண்டும். இதில் லாபம் யாருக்கு? ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்குப் போகும் இணைப்பை ஓட்டுப் போல எண்ணுவதுதான் 1998-ல் கூகுள் பிறந்தபோது அது கொண்டுவந்த யோசனை. அந்தக் கணக்கில், 280 கட்டுரை போட்டு நீங்கள் 280 ஓட்டை ஊர்பேர் தெரியாதவர்களுக்குக் குத்தியிருக்கிறீர்கள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். தேங்காயைக் காசு கொடுத்து வாங்கி அடுத்தவர் வேண்டுதலுக்கு உடைத்தவர் நீங்கள்தான்.

ஒரு காலத்தில் இந்த வித்தை பலித்தது. நானே செய்திருக்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிற ஒருவருக்கு, 2010 வாக்கில், நகையைப் பாதுகாப்பது பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைக் கூடை கூடையாகக் கொட்டினேன். சைட் மேலே வந்தது. இருவரும் பூரித்துப்போனோம். 2011 பிப்ரவரியில் கூகுள் 'பாண்டா' என்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. முதலில் அமெரிக்காவில், ஏப்ரலில் உலகம் முழுக்க ஆங்கிலத் தேடலுக்கு. சரக்கில்லாத பக்கங்களையும் பார்த்தெழுதிய பக்கங்களையும் அது கீழே தள்ளியது. கட்டுரைக் கிடங்குகள் மளமளவென்று சரிந்தன, கூடவே எங்கள் கொலுசு சைட்டும். அடுத்த வருஷம் ஏப்ரலில் 'பெங்குவின்' வந்தது. செயற்கையாக இணைப்புகளைக் குவித்தவர்களை அது பிடித்தது. அதோடு கட்டுரையை எடுத்துப் போடுவது, எழுதிக் கிடங்கில் போடுவது இரண்டுமே செத்துவிட்டன. கொலுசுக்காரர் என்னைத் திட்டவில்லை, அடுத்த வேலையைக் கொடுக்கவும் இல்லை. உங்கள் சேலத்துக்காரர் அந்தக் காலத்துச் சரக்கைத்தான் புதுத் தாளில் சுற்றி விற்கிறார்.

இதைப் படித்துவிட்டு இன்னொரு பள்ளத்தில் விழுந்துவிடாதீர்கள். இவரை நிறுத்தியதும் வேறொருவர் வருவார். "உங்கள் சைட்டில் எல்லாமே காப்பியடித்தது, கூகுள் தண்டனை போட்டிருக்கிறது, எடுத்துவிட 25,000 ஆகும்" என்பார். ஒரே கட்டுரை இரண்டு இடத்தில் இருப்பதாலேயே தண்டனை எதுவும் கிடையாது. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஒரே நோட்டீஸைப் பத்துப் பேர் நீட்டினால் என்ன செய்கிறோம்? ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டு நடக்கிறோம். தேடுபொறியும் அவ்வளவுதான். ஒரே மாதிரி இருக்கிற பக்கங்களில் ஒன்றைக் காட்டும், மற்றதை மறைத்துவிடும். அந்த ஒன்றாக உங்கள் சைட் இருக்கப் போவதில்லை. ஒன்றிரண்டு என்றால் அதோடு போயிற்று. தரவரிசைக்காகவே மூட்டை மூட்டையாக இப்படி ஏற்றுவதை 2024 மார்ச்சில் வந்த கூகுள் விதிகள் குப்பை என்றே வகைப்படுத்துகின்றன. அப்போது உங்கள் நல்ல பக்கங்களும் சேர்ந்து அடிபடலாம். கூகுளின் ஆட்களே பார்த்துத் தண்டனை போட்டிருக்கிறார்களா என்று அறிய யாருக்கும் காசு தர வேண்டாம். சர்ச் கன்சோல் என்று கூகுளின் இலவசக் கருவி இருக்கிறது, அதில் அதற்கென்றே ஒரு பகுதி உண்டு. சிக்கல் இல்லை என்று அங்கே இருந்தால் அந்த 25,000 உங்களுடையது.

நீங்கள் அனுப்பிய முகவரிக்குப் போய்ப் பார்த்தேன். முதல் பத்தில் ஆறு கட்டுரை "ஏழைகளின் ஊட்டி என்று அழைக்கப்படும் ஏற்காடு" என்று தொடங்குகிறது. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு, கடல் மட்டத்திலிருந்து 1,515 மீட்டர், காக்பர்ன் என்கிற கலெக்டர் காப்பி கொண்டுவந்தார். இதெல்லாம் இணையத்தில் எத்தனை ஆயிரம் பக்கத்தில் இருக்கிறது தெரியுமா? மற்ற கட்டுரைகளில் பாதி உங்கள் ஊரைப் பற்றியே இல்லை. நரைமுடிக்கு வைத்தியம், கிரெடிட் கார்டு வாங்குவது எப்படி, சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு. ஒன்றை மெஷினில் கொடுத்துத் தமிழாக்கியிருக்கிறார்கள் போல. ஊர் சுற்றுபவர்கள் பார்க்கப் போகும் லேடிஸ் சீட் 'பெண்ணின் இருக்கை' ஆகியிருக்கிறது. பகோடா பாயின்ட், சத்தியமாக, 'பக்கோடா புள்ளி'. அறை பதிவு செய்ய வந்தவர் அதைப் படித்திருந்தால் டீக்கடை என்று நினைத்திருப்பார்.

அதைவிட மோசமான விஷயம், எல்லாமே இலவசக் கட்டுரை இல்லை. ஏதாவது ஒரு கட்டுரையில் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். நான் இரண்டைத் தேடினேன். ஒன்று பத்திரிகைக் கட்டுரை, இன்னொன்று யாரோ பயணி தன் சொந்தப் படங்களோடு எழுதியது. இரண்டையும் இன்றைக்கே எடுங்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 63-ஆம் பிரிவில் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. ஜெயில் வரைக்கும் போகாது என்றே வைத்துக்கொள்வோம். வக்கீல் நோட்டீஸ் சைட்டில் இருக்கிற உங்கள் முகவரிக்குத்தான் வரும், ஏற்றியவர் முகவரிக்கு வராது.

நீக்கினால் இருப்பதும் போய்விடுமா என்று கேட்டீர்கள். இருப்பது எது என்று முதலில் பாருங்கள். கூகுள் தேடலிலிருந்து எந்தப் பக்கத்துக்கு எத்தனை முறை வந்தார்கள் என்ற கணக்கு சர்ச் கன்சோலில் இருக்கும். பெரும்பாலும் உங்கள் முகப்பு, அறைகள், காப்பித்தூள் பக்கம், இவற்றுக்குத்தான் ஆள் வந்திருக்கும். ஆளே வராத கட்டுரையை அப்படியே அழித்துவிடுங்கள். அழித்த பக்கங்களை எல்லாம் முகப்புக்குத் திருப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள், வேண்டாம். இல்லாத பக்கம் இல்லை என்றே சொல்லட்டும். எப்போது பலன் தெரியும் என்றால், சில வாரமும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். இப்படிப் பதில் சொல்ல எனக்கே எரிச்சலாகத்தான் இருக்கிறது. ரேஷன் கடையில்கூட ஏன் பொருள் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் நிற்கிறார். நாலு அறை வைத்திருப்பவர் போய்க் கேட்கத் தேடுபொறி உலகத்தில் ஒரு ஜன்னல் கிடையாது. அந்த ஜன்னல் இல்லாத இடத்தில்தான் இடைத்தரகர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இனி மகளின் கட்டுரை. இதைப் பொறுமையாகப் படியுங்கள். மறுபதிப்பு உங்களுக்கு நல்லது செய்யக்கூடிய ஒரே இடம் இதுதான், இதில்தான் ஆட்கள் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் கட்டுரையை நீங்கள் போடுவது வேறு, உங்கள் வீட்டுக் கட்டுரையை அடுத்தவர் போடுவது வேறு. கேட்கிற சைட் பெரியது என்கிறீர்கள். முதலில் அங்கே வந்துவிட்டால், பிறகு உங்கள் சைட்டில் இருப்பதுதான் நகல் போலத் தெரியும். உங்கள் மகள் எழுதியதைத் தேடுகிறவருக்கு அவர்கள் பக்கம்தான் வரும். அதனால் முதலில் உங்கள் சைட்டில் போடுங்கள், அவர் எடுத்த படங்களோடு, அவர் பெயரோடு. சர்ச் கன்சோலில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், கூகுள் அதைத் தன் பட்டியலில் சேர்த்துவிட்டதா என்று சொல்லும். சேர்க்கவில்லை என்றால் சேர்க்கும்படி கேட்கிற பட்டன் அங்கேயே இருக்கிறது. சேர்ந்துவிட்டது என்று கண்ணால் பார்க்கிற வரைக்கும் கட்டுரையை மெயிலில்கூட அனுப்பாதீர்கள். ஒரு வாரம் ஆகட்டும், இரண்டு வாரம் ஆகட்டும், காப்பிச் செடி எங்கும் ஓடிவிடாது.

சேர்ந்த பிறகு அவர்களிடம் கேட்க வேண்டியது, அவர்கள் பக்கத்தில் 'நோஇண்டெக்ஸ்' போட முடியுமா என்பது. அவர்கள் வாசகர்கள் படிக்கலாம், தேடுபொறி மட்டும் அதைப் பட்டியலில் சேர்க்காது என்று அர்த்தம். "கனானிக்கல் போடுகிறோம், அது போதும்" என்று பதில் வரலாம். மூலக் கட்டுரை இங்கே இருக்கிறது என்று காட்டுகிற குறிப்பு அது. முன்பு அதைத்தான் நாங்களும் சொல்லிவந்தோம். 2023-ல் கூகுள் தன் வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டு, வேறு சைட்டுக்குக் கொடுக்கிற கட்டுரைக்கு அது சரிவராது, நோஇண்டெக்ஸ்தான் கேளுங்கள் என்றது. கனானிக்கல் குறிப்பைக் கூகுள் மதிக்கலாம், மதிக்காமலும் விடலாம். நோஇண்டெக்ஸ் போடமாட்டோம் என்றால் அதே கட்டுரையைக் கொடுக்காதீர்கள். அதே விஷயத்தை மகளையே வேறு மாதிரி, பாதி அளவில், புதிதாக எழுதச் சொல்லிக் கொடுங்கள். அடியில் அவர் பெயரும் உங்கள் சைட்டுக்கு ஒரு இணைப்பும் இருக்கட்டும். அந்த இணைப்பில் 'ஏற்காடு சிறந்த மலிவான ஹோம்ஸ்டே' என்று எழுதச் சொல்லாதீர்கள், வீட்டின் பெயர் போதும். வெளியிடுவதற்குக் காசு கேட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

அழித்த 280 கட்டுரைக்குப் பதிலாக எத்தனை எழுதுவது? ஐந்து. அதற்கும் முன்னால் கூகுள் மேப்பில் உங்கள் வீட்டுக்கான பிசினஸ் புரொஃபைலைச் சரிசெய்யுங்கள். காசு இல்லை, ஹோம்ஸ்டே தேடுகிறவருக்கு முதலில் தெரிவது அந்த மேப்தான். பிறகு, விருந்தாளிகள் உங்களிடம் போனில் கேட்கிற கேள்விகளையே எழுதுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் குழந்தைக்கு வாந்தி வராமல் ஏறுவது எப்படி, டெம்போ டிராவலர் உங்கள் வாசல் வரை வருமா, மழையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக எப்படி வருவது, மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் எத்தனை மணிக்குள் மேலே வந்துவிட வேண்டும். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்ததும் தோட்டம் வெள்ளை வெளேரென்று பூத்து வாசம் அடிக்குமே, அது எந்த வாரம் என்று எந்தக் கிடங்குக் கட்டுரைக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

முதல் பக்கத்தில் வந்துவிட்டதாகச் சேலத்துக்காரர் போனில் காட்டினால் எந்த வார்த்தையைத் தேடினார் என்று பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் உங்கள் ஹோம்ஸ்டேயின் பெயரையே போட்டுத் தேடிக் காட்டுவார்கள். என் வீட்டு வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டால் நான்தான் வருவேன், அதில் என்ன வித்தை? முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது.

கடைசியில் சொல்கிறேன் என்ற காரியம் இதுதான். உங்கள் டொமைன், அதாவது சைட்டின் முகவரிப் பெயர், யார் கணக்கில் இருக்கிறது? சைட் செய்து கொடுத்தவரே தன் மெயிலில், தன் கணக்கில் பதிவு செய்து வைத்திருப்பது நம் பக்கத்தில் சர்வ சாதாரணம். சண்டை வந்த மறுநாள் சைட் இருக்காது. புதுப்பிக்க 900 ரூபாய் ஆகிற டொமைனுக்கு 40,000 கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அதனால் கோபத்தைக் காட்டாமல், "ஆடிட்டர் கேட்கிறார், டொமைன் பில்லும் லாகினும் வேண்டும்" என்று சாதாரணமாகக் கேளுங்கள். அவருடைய கணக்கில் இருந்தால் உங்கள் மெயிலில் ஒரு கணக்கு திறந்து அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். சர்ச் கன்சோலிலும் மேப்பிலும் உங்களை வெறும் பயனராகவோ மேனேஜராகவோ போட்டிருந்தால் போதாது, உரிமையாளராகப் போட வேண்டும். சைட் முழுவதையும் ஒரு பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதப் பாக்கி ஏதாவது இருந்தால் தகராறு பண்ணாமல் கொடுத்துவிடுங்கள். எல்லாம் உங்கள் மெயிலுக்கு வந்து, பாஸ்வேர்டுகளையும் மாற்றிய பிறகு அவருக்குப் போன் போடுங்கள்.